ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு ஸ்மார்ட்போன்கள்: எதை வாங்குவது என்று முடிவு செய்யும் முறை

விலை குறைந்த ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்க நினைப்பவர், சில நாள் விசாரித்த பிறகு பெரும்பாலும் இரண்டு மாடல்களுக்கு நடுவில் வந்து நிற்கிறார். இரண்டின் விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஒன்றில் கேமரா நன்று என்பார்கள், மற்றொன்றில் திரை நன்று என்பார்கள். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடும். இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. குறைந்த விலைக்குள் ஒரு போனைத் தயாரிக்கும் நிறுவனம், ஒன்றைத் தருவதற்காக இன்னொன்றில் கை வைத்தே ஆக வேண்டும். எதில் கை வைத்திருக்கிறார்கள், அந்தக் குறை உங்கள் அன்றாடப் பயன்பாட்டைத் தொடுமா, வாங்கிய பிறகு அதைச் சரிசெய்ய வழி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் முடிவு தானாகவே கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை தருவேன். சார்ஜரையும் உறையையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியைக்கூடப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றலாம். போனின் மூளையான சிப்பையும் சேமிப்பகத்தையும் நிறுவனம் அளித்த அப்டேட் உறுதிமொழியையும் மாற்ற முடியாது.

தேவையை முதலில் எழுதுங்கள்

விவரப் பட்டியலைத் திறப்பதற்கு முன், அந்தப் போன் ஒரு நாளில் என்னென்ன வேலை செய்யப்போகிறது என்பதை மூன்று நான்கு வரிகளில் எழுதிவிடுங்கள். ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதினால் பயனில்லை. வெயிலில் நின்றபடி வரைபடம் பார்ப்பது, இரவில் இரண்டு மணி நேரம் படிப்பது, வங்கிச் செயலியில் பணம் அனுப்புவது, வீட்டுக்குள் குழந்தைகளைப் படமெடுப்பது என்று குறிப்பாக எழுதினால்தான் பின்னால் ஒவ்வொரு வேறுபாட்டையும் அதோடு பொருத்திப் பார்க்க முடியும். அதன் கீழே, இந்தப் போனை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டு ஆண்டில் மாற்றிவிடுபவருக்கும் ஐந்து ஆண்டு வைத்திருக்க விரும்புபவருக்கும் ஒரே போன் பொருந்தாது.

மாடல் எண்ணை உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் படி இது. ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று இரண்டு போன்கள் வெளிவரும். அவற்றின் சிப், திரை, கேமரா எல்லாமே வேறாக இருக்கக்கூடும். ஒரே பெயருடைய போன் ஒரு நாட்டில் ஒரு சிப்புடனும் இன்னொரு நாட்டில் வேறு சிப்புடனும் விற்கப்படுவதும் உண்டு. சில மாடல்களில் 64 ஜிபி பதிப்புக்கு ஒரு வகைச் சேமிப்பகமும் 128 ஜிபி பதிப்புக்கு வேறு வகைச் சேமிப்பகமும் பொருத்தப்படுகின்றன. ஆகவே பெட்டியின் மேல் எழுத்தும் எண்ணும் கலந்து அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதே எண்ணுக்குரிய விவரத்தைப் படியுங்கள். நீங்கள் பார்க்கும் விமர்சனக் காணொளி வேறு பதிப்பைப் பற்றியதாக இருந்தால், அதிலுள்ள பாராட்டும் குறையும் உங்கள் கையில் வரப்போகும் போனுக்குப் பொருந்தாது.

ஒரே வரியில் நீக்கிவிடக்கூடியவை

சில அம்சங்களில் ‘கொஞ்சம் நன்று, கொஞ்சம் குறைவு’ என்ற நிலையே கிடையாது. உங்கள் தொலைபேசி நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டைகள் அந்தப் போனில் இல்லையென்றால், மற்ற எந்தச் சிறப்பும் அதை ஈடுசெய்யாது. வெளிநாட்டுப் பதிப்பை வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2ஜி, 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்ட இடங்களில், உங்கள் நிறுவனத்தின் வோல்ட்டி சேவை (4ஜி வழியாகக் குரல் அழைப்பு பேசும் வசதி) அந்தப் போனில் இயங்காவிட்டால் சாதாரணக் குரல் அழைப்புகூடப் பேச முடியாது. கடையில் போனைத் தட்டிப் பணம் செலுத்தும் பழக்கம் உடையவருக்கு என்எஃப்சி வேண்டும். இரண்டு சிம்களோடு மெமரி கார்டும் போட வேண்டியவர், மூன்றுக்கும் தனித்தனி இடம் உள்ளதா அல்லது இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உணரிகள் பகுதியையும் ஒருமுறை படியுங்கள்: விலை குறைந்த பல போன்களில் போன் சுழல்வதை உணரும் ஜைராஸ்கோப் இருப்பதில்லை, சிலவற்றில் திசைகாட்டி உணரியும் இருப்பதில்லை. திசைகாட்டி இல்லாத போனில் வரைபடச் செயலி நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதை நடக்கத் தொடங்கிய பிறகே காட்டும். கட்டணத் திரைப்படச் சேவைகளைப் பார்ப்பவர்கள் ‘வைட்வைன் எல்1’ என்னும் நகல்காப்புச் சான்று உள்ளதா என்று பாருங்கள். அதன் கீழ்நிலையான எல்3 மட்டும் உள்ள போனில், திரை எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் அந்தச் சேவைகள் பொதுவாகக் குறைந்த தெளிவிலேயே படத்தைக் காட்டும்.

இவற்றுள் ஒன்றில் ஒரு போன் தவறிவிட்டால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும். இரண்டும் தேறினால் மட்டும் மேலே செல்லுங்கள்.

வேறுபாடுகளை மட்டும் எழுதுங்கள்

ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இரண்டு போன்களின் விவரங்களையும் எதிரெதிரே எழுதிய பிறகு, ஒன்றாக உள்ள வரிகளையெல்லாம் அடித்துவிடுங்கள். இரண்டிலும் 5,000 எம்ஏஎச் பேட்டரி இருந்தால் அந்த வரிக்குத் தீர்மானிக்கும் ஆற்றல் இல்லை. எஞ்சும் வரிகள் பெரும்பாலும் ஐந்தோ ஆறோதான் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். முதல் போன் 5ஜி வசதியுடையது. டைமென்சிட்டி 6100 பிளஸ் சிப், 720 பிக்சல் அகல எல்சிடி திரை, நான்கு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட் உறுதி. இரண்டாவது 4ஜி போன். ஹீலியோ ஜி99 சிப், 1080 பிக்சல் அகல அமோலெட் திரை, இரண்டு ஆண்டு அப்டேட் உறுதி. விலை ஒன்றே. இத்தகைய இணைகளே சந்தையில் மிகுதியாக எதிர்ப்படுகின்றன, ஏனெனில் 5ஜி மோடத்துக்காக (மொபைல் வலையமைப்போடு இணைக்கும் பகுதிக்காக) செலவிட்ட தொகையை ஈடுகட்டத் திரையின் தரத்தைக் குறைப்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் செய்வது.

சிப், ரேம், சேமிப்பகம்

சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வேகத்தை ஊகிக்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு சிப்களும் மீடியாடெக் நிறுவனத்தின் தயாரிப்புகள். சிப்புக்குள் கணக்கிடும் தனித்தனிப் பகுதிகளைக் கோர்கள் என்பார்கள். கார்ட்டெக்ஸ் என்பது ஆர்ம் நிறுவனத்தின் கோர் வடிவமைப்புகளின் பெயர், இங்கே வரும் வகைகளில் ஏ-க்குப் பின்னுள்ள எண் கூடினால் வலிமையும் கூடும். இரண்டிலும் 2.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இரண்டு கார்ட்டெக்ஸ் ஏ76 கோர்களும், 2.0 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஆறு கார்ட்டெக்ஸ் ஏ55 கோர்களும் உள்ளன. இரண்டும் 6 நானோமீட்டர் முறையில் தயாரிக்கப்பட்டவை (இந்த எண் சிறிதானால் பொதுவாக மின்சாரச் செலவு குறையும்). வரைகலைப் பகுதியும் ஒரே வகை. பெயரைக் கேட்டால் ஒன்று புதிய தலைமுறை, மற்றது பழையது என்று தோன்றும். அன்றாடப் பயன்பாட்டில் இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே, முக்கியமான வேறுபாடு மோடத்தில்தான் இருக்கிறது. எனவே இந்த எடுத்துக்காட்டில் சிப்பின் வேகம் என்ற வரியையும் அடித்துவிடலாம்.

எல்லா இணைகளிலும் இப்படி அமையாது. ‘எட்டு கோர்கள்’ என்ற சொல் எந்தப் போனின் விளம்பரத்திலும் இருக்கும். அந்த எட்டும் எவை என்பதே கேள்வி. ஹீலியோ ஜி35 சிப்பில் எட்டும் கார்ட்டெக்ஸ் ஏ53 கோர்கள். ஆர்ம் நிறுவனம் அந்த வடிவமைப்பை வெளியிட்ட ஆண்டு 2012. ஹீலியோ ஜி85, யுனிசாக் டி606 ஆகியவற்றில் இரண்டு ஏ75 கோர்களும் ஆறு ஏ55 கோர்களும் உள்ளன. ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2-இல் பெரிய கோர்கள் இரண்டும் ஏ78 வகையைச் சேர்ந்தவை. செயலி திறக்கும் வேகம், விசைப்பலகை எழும் வேகம், பக்கம் நகரும் வேகம் ஆகியவை பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வலிமையைப் பொறுத்தவை. ஆகவே கீக்பெஞ்ச் போன்ற சோதனை முடிவுகளைப் பார்க்கும்போது பல கோர் எண்ணைவிட ஒற்றைக் கோர் எண்ணை முதலில் ஒப்பிடுங்கள். இரண்டு போன்களின் ஒற்றைக் கோர் எண்களுக்கும் நூற்றுக்குப் பத்து அளவே வேறுபாடு இருந்தால் கையில் பிடிக்கும்போது அது தெரியாது. இரண்டு மடங்கு வேறுபாடு இருந்தால் முதல் நாளே தெரியும்.

ரேமைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள கூட்டல் குறியைக் கவனியுங்கள். ‘4 ஜிபி + 4 ஜிபி’ என்று எழுதப்பட்டிருந்தால் போனில் உண்மையாக இருப்பது 4 ஜிபி ரேம் மட்டுமே. மற்ற 4 ஜிபி, சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பயன்படாமல் இருக்கும் தரவை அங்கே தள்ளி வைக்கும் ஏற்பாடு. சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் இந்த ஏற்பாடு உண்மையான ரேமுக்கு ஈடாகாது. 6 ஜிபி உள்ள போனையும் ‘4 + 4’ உள்ள போனையும் ஒப்பிடும்போது, எட்டு பெரிது என்று எண்ணிவிட வேண்டாம்.

சேமிப்பகத்தின் அளவைப் பார்ப்பவர்கள் அதன் வகையைப் பார்ப்பதில்லை. இஎம்எம்சி 5.1 வகைக்கு விதிமுறைப்படியான உச்ச வேகம் நொடிக்கு 400 மெகாபைட், யுஎஃப்எஸ் 2.2 வகைக்கு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ மட்டுமே செய்யும். யுஎஃப்எஸ் இரண்டையும் ஒருங்கே செய்யும். பின்னணியில் செயலிகள் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேமராவைத் திறந்தால் ஒரு போன் திணறுவதற்கும் இன்னொன்று திணறாமல் இருப்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். போன் பழையதாகி, சேமிப்பகம் நிரம்பத் தொடங்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். மெமரி கார்டு இதற்கு மாற்றாகாது. அதில் படங்களையும் காணொளிகளையும் வைக்கலாம், செயலிகள் ஓடுவது உள்சேமிப்பகத்தில்தான். மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருக்க எண்ணுபவருக்கு 128 ஜிபி யுஎஃப்எஸ் சேமிப்பகத்தையே நான் பரிந்துரைப்பேன், அதற்காகக் கேமரா வரியில் ஒரு படி இறங்க நேர்ந்தாலும்.

அப்டேட் உறுதிமொழி

ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு வகை அப்டேட்கள் வருகின்றன. ஒன்று, ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு; மற்றது, பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் திருத்தங்கள். பணப் பரிமாற்றத்தைப் போனில் செய்யும் எவருக்கும் இரண்டாவதே முக்கியமானது. நிறுவனம் எத்தனை ஆண்டு உறுதி அளித்துள்ளது என்பதோடு, அந்த ஆண்டுகள் எப்போதிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதையும் பாருங்கள்: நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அன்று, பெரும்பாலும் அந்த மாடல் வெளியான நாளிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. மூன்று ஆண்டு உறுதியுள்ள போன் வெளியாகி ஒன்றரை ஆண்டு ஆன பிறகு தள்ளுபடியில் கிடைத்தால், உங்களுக்கு எஞ்சுவது ஒன்றரை ஆண்டு.

விலை குறைந்த போன்களுக்கு நீண்ட ஆதரவு கிடைக்காது என்ற நிலை மாறிவருகிறது. 2024-இல் வெளியான சாம்சங் கேலக்ஸி ஏ16 மாடலுக்கு ஆறு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்களையும் ஆறு ஆண்ட்ராய்டு பதிப்பு மேம்படுத்தல்களையும் அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே ‘இந்த விலைக்கு இவ்வளவுதான்’ என்று கடைக்காரர் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. உறுதிமொழி நடைமுறையில் காப்பாற்றப்படுகிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. அதே நிறுவனம் அதே விலையில் இரண்டு ஆண்டுக்கு முன் விற்ற போனை வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால், அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்து, பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதி சில மாதங்களுக்குள் இருந்தால் நிறுவனத்தை நம்பலாம். ஓராண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தால், விளம்பரம் என்ன சொன்னாலும் உங்களுக்கும் அதுவே நேரும்.

திரை

நீங்கள் போனோடு செலவிடும் நேரம் முழுவதும் திரையோடு செலவிடும் நேரமே. 6.5 அங்குலத் திரையில் 720 × 1600 பிக்சல்கள் இருந்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 270 பிக்சல்கள் வரும். 1080 × 2400 இருந்தால் 405 வரும். படம் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. வளைவும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்துகளைச் சிறிய அளவில் படிக்கும்போது நன்றாகவே தெரியும். நீண்ட நேரம் படிப்பவர்கள் இதை உண்மையான வேறுபாடாகக் கொள்ளலாம்.

ஒளியளவு நிட்ஸ் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. விளம்பரத்தில் வரும் பெரிய எண் ‘உச்ச ஒளி’; அது திரையின் சிறு பகுதி மட்டும் சிறிது நேரம் எட்டும் அளவாக இருக்கலாம். முழுத் திரைக்குமான அளவையே இரண்டுக்கும் ஒப்பிட வேண்டும். வெளியில் வேலை செய்பவருக்கு 120 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பு வேகத்தைவிட (நொடிக்கு 120 முறை திரை புதுப்பிக்கப்படுவதைவிட) இந்த எண் பன்மடங்கு பயன் தரும். அமோலெட் திரையில் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும், நிறங்கள் அழுத்தமாக இருக்கும். ஆனால் ஒளியைக் குறைத்து இரவில் படிக்கும்போது அத்தகைய சில திரைகளின் நுண்ணிய சிமிட்டல் சிலருக்குக் கண்வலியையும் தலைவலியையும் தருகிறது. உங்களுக்கு அந்த இயல்பு உண்டா என்பதைக் கடையில் ஒளியைக் குறைத்துச் சில நிமிடம் படித்துப் பார்த்து ஓரளவு அறியலாம்.

பேட்டரியும் கேமராவும்

பேட்டரியின் எண் ஒன்றாக இருந்தாலும் ஓடும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. 12 நானோமீட்டர் சிப் ஒரே வேலைக்கு 6 நானோமீட்டர் சிப்பைவிடப் பொதுவாக அதிக மின்சாரம் எடுக்கும். சிக்னல் குறைந்த இடத்தில் எந்தப் போனும் விரைவில் தீரும். ‘33 வாட் ஆதரவு’ என்றால் பெட்டிக்குள் 33 வாட் சார்ஜர் இருக்கிறது என்று பொருளாகாது. தனியாக வாங்க வேண்டியிருந்தால் அந்தத் தொகையைப் போனின் விலையோடு கூட்டி எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு ஆற்றல் முத்திரை கட்டாயமாகியுள்ளது. பேட்டரி ஓடும் நேரம், எத்தனை சார்ஜ் சுற்றுகளைத் தாங்கும், கீழே விழுந்தால் தாங்கும் தரம், பழுதுபார்க்கும் எளிமை ஆகியவை அதில் இருக்கின்றன. எப்ரெல் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் எவரும் பார்க்கலாம். நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், மாடல் எண் பொருந்துமானால் இது மிக நல்ல ஒப்பீட்டுக் கருவி.

கேமராவில் மெகாபிக்சல் எண் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. 50 மெகாபிக்சல் கேமரா இயல்பாக நான்கு பிக்சல்களை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. 108 மெகாபிக்சல் கேமரா ஒன்பதை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் தருகிறது. சென்சாரின் பரப்பைக் குறிக்கும் பின்னத்தைப் பாருங்கள்: 1/1.67 அங்குலம் என்பது 1/2.76 அங்குலத்தைவிடப் பெரியது, அதில் அதிக ஒளி விழும். ‘மூன்று கேமரா’ என்ற கணக்கில் உள்ள 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் படமெடுக்கும் கேமரா), ஆழ உணரி (பின்னணியை மங்கலாக்க உதவுவது) ஆகியவற்றைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். இரண்டு போன்களிலும் எடுத்த மூலப் படங்களை, குறிப்பாக வீட்டு விளக்கொளியில் அசையும் மனிதரை எடுத்த படங்களை, பெரிதாக்கிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கையில் எடுத்துப் பார்த்தல்

கடையில் காட்சிக்கு வைத்த போன் கிடைத்தால் ஐந்து நிமிடம் போதும். ஆறேழு செயலிகளை வரிசையாகத் திறந்து, முதலில் திறந்ததற்குத் திரும்புங்கள். அது நின்ற இடத்திலேயே நிற்கிறதா, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். தமிழ் விசைப்பலகையில் நான்கு வரி வேகமாகத் தட்டுங்கள். கைரேகை உணரி உங்கள் கட்டைவிரல் இயல்பாகச் செல்லும் இடத்தில் இருக்கிறதா, ஒரு கையால் பிடித்து மேல் மூலையைத் தொட முடிகிறதா, ஒலிபெருக்கியின் ஓசை தெளிவாக இருக்கிறதா என்பவற்றை எந்த அட்டவணையும் சொல்லாது. பிறரின் விமர்சனங்களைப் படிக்கும்போது, வாங்கிய வாரத்தில் எழுதியவற்றைவிட ஆறு மாதம் கழித்து எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். ஒரே குறையைப் பலர் சொன்னால் அதை நம்பலாம்.

முடிவெடுத்தலும் வாங்கும் நாளும்

இப்போது முதலில் எழுதிய தேவைத் தாளை எடுத்து, எஞ்சிய ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் எதிரே, அது உங்கள் நாளில் எத்தனை மணி நேரத்தைத் தொடுகிறது என்று எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில், இரண்டு ஆண்டில் போனை மாற்றிவிடுபவர், வீட்டு வைஃபையிலேயே பெரும்பாலும் இருப்பவர், நாள்தோறும் நெடுநேரம் படிப்பவர் என்றால் அமோலெட் திரையுள்ள 4ஜி போனே பொருத்தம். நான்கைந்து ஆண்டு வைத்திருப்பவர், வெளியில் மொபைல் இணையத்தையே நம்பி இருப்பவர், வங்கிச் செயலியை அதில் பயன்படுத்துபவர் என்றால் திரையில் விட்டுக்கொடுத்து 5ஜி போனை எடுப்பதே சரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு நான் அப்டேட் ஆண்டுகளை வைத்தே முடிவு சொல்வேன். இரண்டு போன்களுமே நிறைவளிக்கவில்லையென்றால், சற்று உயர்ந்த வரிசையில் சென்ற ஆண்டு வந்து இப்போது விலை இறங்கியுள்ள மூன்றாவது போனையும் இதே தாளில் சேர்த்துப் பாருங்கள். அதன் எஞ்சிய அப்டேட் காலத்தை மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் போது முத்திரை பிரியாத பெட்டியைக் கேளுங்கள். போனை இயக்கியதும் *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அது பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். ரேம், சேமிப்பகம், மாடல் எண் ஆகியவை நீங்கள் தேர்ந்த பதிப்புக்குரியவையா என்று ‘போனைப் பற்றி’ பகுதியில் சரிபாருங்கள். திருப்பிக் கொடுக்க அல்லது மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அந்த அவகாசத்துக்குள் இரண்டு சிம்களிலும் அழைத்துப் பேசியும், எல்லாக் கேமராக்களையும் திறந்தும், வரைபடத்தோடு வெளியே நடந்தும், ஒரு முழுச் சார்ஜை இறுதிவரை பயன்படுத்தியும் பார்த்துவிடுங்கள். பழைய போனில் உள்ள தரவை அதுவரை அழிக்க வேண்டாம்.